சுவரில் ஒரு திரை: நாம் விற்பது பெட்டியையா, வசதியையா?

பல்லேகல, குண்டசாலை, திகன, ராஜவெல்ல பக்கங்களில் புதிதாக எழும்பும் வீடுகள் சிலவற்றில் இப்போது முன் ஹோலின் சுவரில் ஒரு கண்ணாடித் திரை தெரிகிறது. மின்குமிழ், மின்விசிறி, ஏசி, கேட், தண்ணீர் மோட்டார், கமரா எல்லாமே அந்தத் திரைக்குள் அடக்கம். விரலால் தொட்டால் வேலை நடக்கும். கட்டாரிலும் டுபாயிலும் வேலை செய்து வந்தவர்கள் அங்கே பெரிய வீடுகளில் இதைப் பார்த்துவிட்டுத் தம் வீட்டுக்கும் கேட்கிறார்கள். விக்டோரியா நீர்த்தேக்கப் பக்கமாக விடுமுறை பங்களா கட்டுபவர்களும் கேட்கிறார்கள்.

மின்சாதனம், ஹாட்வெயார், கைத்தொலைபேசி வியாபாரம் செய்யும் நம்மவர்கள் பலர் இந்தப் பொருளைக் கடையில் வைக்கத் தொடங்கிவிட்டார்கள். பெட்டியைக் கொடுத்து பில்லைப் போட்டால் வியாபாரம் முடிந்தது என்பது அவர்களின் எண்ணம். மின்குமிழுக்கும் வயருக்கும் அது சரி. இந்தப் பொருளுக்குச் சரிவராது. பெட்டிக்குள் வருவது வெறும் கண்ணாடி. அந்த வீட்டாருக்கு ஏற்றபடி திரையை ஒழுங்கு செய்து கொடுப்பதில்தான் நமது இலாபமும் இருக்கிறது, நமது பெயரும் இருக்கிறது. இந்த வாரம் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

இது எப்படி வேலை செய்கிறது?

எந்த நிறுவனத்தின் பொருளாக இருந்தாலும் மூன்று பகுதிகள் இருக்கும். முதலாவது, சுவிட்சுக்குப் பின்னால் அல்லது மெயின் போர்டுக்குள் இருக்கும் ரிலே. கரண்டைத் திறப்பதும் மூடுவதும் அதுதான். இரண்டாவது, கட்டளையை வாங்கி ரிலேக்களுக்கு அனுப்பும் சிறு கணினி. இதை ஹப் என்பார்கள். மூன்றாவது, நாம் தொடும் திரை. திரை கரண்டைத் தொடுவதே இல்லை. அது செய்தி சொல்லும் தபால்காரன் மட்டுமே.

இந்த யோசனை புதியதல்ல. ஸ்கொட்லாந்தின் பிகோ இலெக்ட்ரோனிக்ஸ் நிறுவனம் 1975இலேயே எக்ஸ்10 என்ற முறையை உருவாக்கியது. வீட்டிலுள்ள மின்சார வயர் வழியாகவே கட்டளை அனுப்பும் முறை அது. பின்னர் ஐரோப்பாவில் கே.என்.எக்ஸ். முறை வந்தது. பெரிய ஹோட்டல்களும் மாளிகைகளும் கிரெஸ்ட்ரோன் போன்ற விலை உயர்ந்த முறைகளைப் பாவித்தன. சாதாரண வீட்டுக்காரருக்கு அவை எட்டாக் கனியாகவே இருந்தன.

நிலைமை மாறியது 2014க்குப் பிறகு. சீனாவின் எஸ்பிரெசிஃப் நிறுவனம் வைஃபை வசதியுள்ள மிக மலிவான சிப் ஒன்றை அந்த வருடம் சந்தைக்கு விட்டது. அதன் பிறகு வைஃபை சுவிட்சுகளின் விலை சரிந்தது. நாம் குவாங்சோவிலிருந்தும் புறக்கோட்டையிலிருந்தும் எடுத்து வருபவை பெரும்பாலும் இந்த வகைதான்.

பொருள் மலிந்துவிட்டதால் எந்தக் கடையிலும் அது கிடைக்கும். ஆகவே விலைக்கழிவு கொடுத்துப் போட்டி போடுவதில் நமக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. ஒழுங்கு செய்து கொடுக்கும் வேலை மட்டும் எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை.

ஒரு போர்க்கப்பலில் கிடைத்த பாடம்

திரையை எப்படி அமைத்தால் என்ன, தொட்டால் வேலை செய்தால் சரிதானே என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்கு ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும்.

2017 ஆகஸ்ட் 21ஆம் திகதி அதிகாலையில், சிங்கப்பூருக்கு அருகே, அமெரிக்கக் கடற்படையின் ஜோன் எஸ். மெக்கெய்ன் என்ற போர்க்கப்பல் ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதியது. 10 கடற்படையினர் உயிரிழந்தார்கள். அந்தப் போர்க்கப்பலில் சுக்கானின் கட்டுப்பாட்டையும் இயந்திர வேகத்தின் கட்டுப்பாட்டையும் தொடுதிரை வழியாக ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு மாற்றும் முறை இருந்தது. வேகத்தை மட்டும் அடுத்த மேசைக்கு மாற்றப் போனபோது சுக்கானும் சேர்ந்து போய்விட்டது. சுக்கானில் நின்றவர் அது செயலிழந்துவிட்டது என்று நினைத்தார். இரண்டு பக்க வேகத்தையும் குறைக்க முயன்றபோது ஒரு பக்கம் மட்டுமே குறைந்தது. கப்பல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. எந்த மேசையின் கையில் எது இருக்கிறது என்று திரை அவர்களுக்குத் தெளிவாகக் காட்டவில்லை.

2019இல் வெளிவந்த விசாரணை அறிக்கை பயிற்சிக் குறைவையும் மேற்பார்வைக் குறைவையும் பெரிதாகச் சுட்டிக்காட்டியது. அதோடு திரையின் அமைப்பும் குழப்பத்துக்கு இடம் கொடுத்தது என்றது. அந்த வகைக் கப்பல்களில் வேகத்துக்கு மீண்டும் கையால் பிடித்துத் தள்ளும் பிடிகளைப் பொருத்த அமெரிக்கக் கடற்படை அதே வருடம் முடிவு செய்தது.

நமது வீடு போர்க்கப்பல் அல்லதான். ஆனால் மனிதன் குழம்புவது எங்கும் ஒரே விதமாகத்தான். நமது பகுதியில் ஒரு கோழிக்கடையில் இப்படி ஒரு திரை பொருத்தப்பட்டிருந்தது. வேறு ஊரிலிருந்து வந்தவர்கள் பொருத்தியது. இரவில் கடையைப் பூட்டும்போது தொடுவதற்கு ‘ஓல் ஓஃப்’ என்று பெரிய பட்டன் வைத்துக் கொடுத்திருந்தார்கள். எல்லாம் என்றால் டீப் ஃபிரீசரும் எல்லாவற்றில் ஒன்றுதானே! முதல் நாள் இரவே அதுவும் அணைந்துவிட்டது. காலையில் கடையைத் திறந்தவருக்குக் கிடைத்தது நாற்றம்தான். பொருளில் ஒரு கோளாறும் இல்லை. எதை எந்தப் பட்டனில் சேர்ப்பது, எதைச் சேர்க்கக் கூடாது என்று கடைக்காரரிடம் ஒருவரும் கேட்கவில்லை.

திரையை ஒழுங்கு செய்யும் முறை

நான் வாடிக்கையாளருக்குச் செய்து கொடுக்கும் முறையை வரிசையாகச் சொல்கிறேன். நீங்களும் செய்து பார்க்கலாம்.

1. முதலில் வீட்டாரைக் கேளுங்கள். வீட்டில் எத்தனை பேர், யார் எத்தனை மணிக்கு எழும்புகிறார்கள், எந்த மின்குமிழை அடிக்கடி போடுகிறார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். வீட்டுத் தலைவரிடம் மட்டும் கேட்டால் போதாது. நாள் முழுக்க வீட்டில் இருப்பது உம்மாமாரும் பிள்ளைகளும்தான்.

2. முதல் பக்கத்தில் ஆறு, மிஞ்சினால் எட்டுப் பட்டன்களே போதும். நாளாந்தம் பாவிப்பவை மட்டும் அங்கே இருக்கட்டும். மற்றவை உள்ளே இரண்டாம் பக்கத்தில் இருக்கலாம். கம்பனிக்காரர் காட்டும் மாதிரித் திரையில் முப்பது நாற்பது பட்டன்கள் அழகாக இருக்கும். அது கண்காட்சிக்கு நல்லது, குடும்பத்துக்கு நல்லதல்ல. தெரிவுகள் கூடக்கூட ஒன்றைத் தெரிந்தெடுக்க எடுக்கும் நேரமும் கூடும் என்பது 1950களிலேயே ஆய்வாளர்கள் அளந்து காட்டிய விடயம்.

3. பெயர்களை அந்த வீட்டார் பேசும் பேச்சில் வையுங்கள். ‘கிச்சன் 2’, ‘லிவிங் சீலிங்’ என்று நிறுவனம் வைத்த பெயரை அப்படியே விடக்கூடாது. ‘அடுப்படி’, ‘பின் வெராண்டா’, ‘வாப்பாட அறை’ என்று அவர்கள் சொல்வதையே எழுதுங்கள். ஒரு வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் உம்மா என்னிடம் கேட்டார்: “மகன், லைட்ட நூக்கிறத்துக்கு நான் இங்கிலீஷ் படிக்கணுமா?” இதற்கு என்ன பதில் சொல்வது? இன்றைய டெப்லட்டுகளில் தமிழ் எழுத்து நன்றாக வருகிறது. சில மலிவான சுவர்ப் பெனல்களில் மட்டும் தமிழ் எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாக வரும். கொள்வனவு செய்ய முன்னர் ஒரு மாதிரியை எடுத்து ‘கொக்கு’, ‘பெட்டி’, ‘ஸ்ரீ’ என்று தட்டச்சு செய்து பாருங்கள். சாரதியோ காவலாளியோ சிங்களம் பேசுபவராக இருந்தால் கேட் பக்கத்தைச் சிங்களத்தில் வையுங்கள்.

4. பட்டன் பெரிதாக இருக்க வேண்டும். விரல் நுனி ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் அகலம். அதைவிடச் சிறிய பட்டன் தவறிப் போகும். சுவரில் நின்றபடி தொடும் திரைக்கு இரண்டு சென்ரிமீற்றர் இருந்தால் நல்லது. பட்டன்களுக்கிடையில் இடைவெளியும் வேண்டும்.

5. எரிகிறதா இல்லையா என்பதை நிறத்தால் மட்டும் காட்ட வேண்டாம். பச்சையையும் சிவப்பையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். ‘எரிகிறது’, ‘அணைந்துள்ளது’ என்று சொல்லாகவும் காட்டுங்கள். அத்தோடு, தொட்டவுடன் நிறம் மாறுவது போதாது. ரிலே உண்மையில் வேலை செய்து, அதன் பதில் திரும்பி வந்த பின்பே நிறம் மாறும்படி அமைக்க வேண்டும். இல்லாவிட்டால் திரை ஒன்று சொல்லும், மோட்டார் இன்னொன்று செய்யும்.

6. ஆபத்தான பொருட்களுக்கு இரண்டு படி வையுங்கள். கேட், தண்ணீர் மோட்டார், சுடுநீர் கீசர் ஆகியவை ஒரே தட்டலில் இயங்கக் கூடாது. இரண்டு விநாடி அழுத்திப் பிடித்தால் மட்டும் வேலை செய்யும்படி வைக்கலாம். தாங்கியில் உள்ள ஃபுளோட் சுவிட்சைக் கழற்றவே வேண்டாம். திரை தவறினாலும் அது நீரை நிறுத்தும்.

7. பல வேலைகளை ஒரே பட்டனில் சேர்ப்பதை ‘சீன்’ என்பார்கள். ‘வெளியே போகிறோம்’, ‘உறக்கம்’, ‘விருந்தாளி’ என்று மூன்று நான்கு போதும். சேர்க்கும் ஒவ்வொரு பொருளையும் வீட்டாருக்கு வாசித்துக் காட்டுங்கள். குளிர்சாதனப் பெட்டி, ஃபிரீசர், கமரா, ரவுட்டர் ஆகிய நான்கும் எந்த ‘அணை’ பட்டனிலும் வரக் கூடாது. ஃபார்மசி வைத்திருப்பவர்கள் இதை இரண்டு முறை வாசிக்க வேண்டும். இன்சுலினும் தடுப்பூசியும் இருக்கும் குளிர்சாதனப் பெட்டி ஓர் இரவு அணைந்தால் நட்டம் பணத்தோடு நிற்காது.

8. ஆளுக்கு ஏற்ற பக்கம் வையுங்கள். பிள்ளைகளின் கைத்தொலைபேசியில் கேட் பட்டன் எதற்கு? விடுமுறை பங்களாவில் விருந்தினருக்கு அவர்களுடைய அறை மட்டும் தெரிந்தால் போதும். கமரா ஒருபோதும் விருந்தினர் பக்கத்தில் வரக் கூடாது.

இவ்வளவும் செய்த பின்னர் ஒரு பரீட்சை இருக்கிறது. வீட்டில் மூத்தவரைத் திரைக்கு முன்னால் நிறுத்தி, ஒன்றும் சொல்லிக் கொடுக்காமல், “வெராண்டா லைட்டைப் போடுங்க” என்று மட்டும் சொல்லுங்கள். ஐந்து விநாடிக்குள் அவர் கண்டுபிடிக்காவிட்டால் பிழை அவரிடமில்லை. பட்டனை இடம் மாற்றி மறுபடியும் பாருங்கள்.

நம் வீடுகளுக்கென்றே ஒரு வசதியும் உண்டு. ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருளில் தொழுகை நேரங்களைக் கணித்துத் தரும் பகுதி இருக்கிறது. ஸுபஹுக்குச் சற்று முன்னர் வுழூச் செய்யும் இடத்து மின்குமிழ் தானாக எரியும்படியோ, நோன்பு காலத்தில் ஸஹருக்கு அடுப்படி மின்குமிழ் எரியும்படியோ வைக்கலாம். கணிப்பு முறைகள் பல இருப்பதால், ஊர்ப் பள்ளியில் தொங்கும் நேர அட்டவணையோடு ஒப்பிட்டுச் சரிசெய்த பின்பே அதைப் பாவிக்க வேண்டும்.

கரண்ட் போனால்?

விக்டோரியா மின் நிலையம் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதற்காக நம்மைக் கரண்ட் வெட்டு விட்டுவைக்கவில்லை. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் முழு நாடும் இருளில் மூழ்கியது. அதே வருடம் நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தை மோசமாகத் தாக்கியபோது பல இடங்களில் கரண்டும் இல்லை, தொலைபேசியும் இல்லை.

ஆகவே மூன்று விடயங்களில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஒன்று, சுவர் சுவிட்ச் எப்போதும் வேலை செய்ய வேண்டும். சுவிட்சை அகற்றிவிட்டுத் திரையை மட்டும் வைக்கச் சொல்லி வாடிக்கையாளரே கேட்டாலும் செய்யாதீர்கள். பழைய சுவிட்சுக்குப் பின்னால் வைக்கும் ரிலேக்கள் இருக்கின்றன. அவற்றில் சுவிட்சும் வேலை செய்யும், திரையும் வேலை செய்யும். பழைய வீடுகள் பலவற்றில் சுவிட்ச் பெட்டிக்கு நியூட்ரல் வயர் வந்திருக்காது. எலக்ட்ரீஷியனை அனுப்பி அதைப் பார்த்த பின்னரே விலை சொல்லுங்கள்.

இரண்டு, ரவுட்டருக்கும் ஹப்புக்கும் ஒரு சிறிய யூ.பி.எஸ். வையுங்கள். மூன்று, இடி மின்னலுக்குப் பாதுகாப்பு வேண்டும். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேரத்தில் நமது மலைப்பக்கம் மின்னல் எப்படி விழும் என்று உங்களுக்கே தெரியும். மெயின் போர்டில் சர்ஜ் அரெஸ்டர் இல்லாத வீட்டில் இந்தப் பொருட்களைப் பொருத்தினால், ஒரு மின்னலில் எல்லாம் போகலாம்.

டெப்லட்டைச் சுவரில் மாட்டுபவர்களுக்கு இன்னொரு விடயம். எப்போதும் சார்ஜில் கிடந்தால் பெற்றரி வீங்கும், திரை வெளியே தள்ளும். ஒரு ஸ்மார்ட் பிளக் வைத்து, 40 வீதத்துக்குக் குறைந்தால் சார்ஜ் ஏறவும் 80 வீதத்தில் நிற்கவும் அமைத்துவிடுங்கள். அடுப்படிப் புகையும் மத்தியான வெயிலும் படாத இடத்தில் மாட்டுங்கள்.

சாவி யார் கையில்?

இதுதான் மிக முக்கியமான பகுதி. மலிவான பொருட்கள் பலவற்றில், நாம் திரையைத் தொட்டதும் கட்டளை இணையத்தில் ஏறி, வெளிநாட்டிலுள்ள நிறுவனத்தின் கணினிக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்துதான் நமது மின்குமிழ் எரியும். அந்த நிறுவனம் நாளைக்கு மூடப்பட்டால்?

நடந்திருக்கிறது. ரிவோல்வ் என்ற ஹப்பை விற்ற நிறுவனத்தை, கூகுளோடு சேர்ந்த நெஸ்ட் நிறுவனம் வாங்கியது. 2016 மே மாதத்தோடு அந்தச் சேவையை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்களின் ஹப்புகள் பயனற்ற பெட்டிகளாகின. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியோன் என்ற பழைய நிறுவனத்தின் சேவை முன்னறிவித்தல் இல்லாமலே நின்றது. பின்னர் அதன் பாவனையாளர்கள் சிலரே சேர்ந்து அதை வாங்கி மீண்டும் இயக்கினார்கள். எல்லாருக்கும் அப்படி வாய்க்காது.

ஆகவே, இணையம் இல்லாவிட்டாலும் வீட்டுக்குள்ளேயே வேலை செய்யும் முறையைத் தெரிந்தெடுங்கள். 2013இல் ஆரம்பிக்கப்பட்ட ஹோம் அசிஸ்டன்ட் அப்படியானது. ராஸ்பெரி பை போன்ற ஒரு சிறிய கணினியில் வீட்டிலேயே இயங்கும். திரையின் பக்கங்களை இழுத்து வைத்து நாமே அமைக்கலாம். 2022இல் வெளிவந்த மேட்டர் என்ற பொதுத் தரத்துக்கு அமைவான பொருட்களும் வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளும். வெவ்வேறு நிறுவனப் பொருட்களை ஒன்றுசேர்க்கவும் அது உதவும்.

வெளிநாட்டு நிறுவனத்தைக் குறை சொல்லிவிட்டு நாமும் அதையே செய்யக் கூடாது. சில கடைக்காரர்கள் வாடிக்கையாளரின் கணக்கைத் தமது மின்னஞ்சலில் திறந்து, கடவுச்சொல்லைத் தம்மிடமே வைத்திருக்கிறார்கள். அப்போதுதான் வாடிக்கையாளர் திரும்பி வருவார் என்பது அவர்களின் கணக்கு. இது ஒருவருக்கு வீட்டை விற்றுவிட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போவதற்குச் சமம். கேட்டைத் திறக்கும், கமராவைப் பார்க்கும் சாவி அது. அமானிதம். வேலை முடிந்த அன்றே கணக்கு வாடிக்கையாளரின் பெயருக்கு மாற வேண்டும். கடவுச்சொல்லை அவரே மாற்ற வேண்டும். திரை அமைப்பின் பிரதியை ஒரு பென் டிரைவிலும், எந்த ரிலே எந்த மின்குமிழுக்கு என்ற விபரத்தை ஒரு தாளிலும் கொடுங்கள். நாளைக்கு நாம் இல்லாவிட்டாலும் வேறொருவர் வந்து பார்க்கக்கூடியதாக அது இருக்க வேண்டும்.

வியாபாரக் கணக்கு

இப்போது உங்கள் மனதில் ஒரு கேள்வி எழும். இவ்வளவு நேரம் செலவழித்தால் கட்டுப்படியாகுமா? கட்டுப்படியாகும், ஒரு நிபந்தனையோடு. விலைப்பட்டியலில் பொருளின் விலையைத் தனியாகவும், பொருத்தும் கூலியைத் தனியாகவும், திரையை ஒழுங்கு செய்யும் கூலியைத் தனியாகவும் எழுதுங்கள். எல்லாவற்றையும் பொருளின் விலைக்குள் ஒளித்தால், வாடிக்கையாளர் அதை அடுத்த கடை விலையோடு ஒப்பிட்டுவிட்டு எழும்பிப் போவார். பிரித்து எழுதினால் எதற்குக் காசு என்று அவருக்கே விளங்கும்.

ஒரு மாதம் கழித்து ஒரு தடவை போய்ப் பாருங்கள். அதையும் விலையில் சேர்த்துக்கொள்ளலாம். எந்தப் பட்டனை யாருமே தொடவில்லை, எதைத் தேடுகிறார்கள் என்று அப்போதுதான் தெரியும். அதற்கேற்ப மாற்றிக் கொடுத்தால், அந்த வீட்டாரே உங்களைப் பற்றி அடுத்த வீட்டுக்குச் சொல்வார்கள்.

இறக்குமதி செய்பவர்கள், வைஃபை போன்ற கம்பியில்லாச் சாதனங்களுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். பொருள் துறைமுகத்துக்கு வந்த பின்னர் ஓடித் திரிவதைவிட, கட்டளை கொடுக்க முன்னரே விசாரிப்பது நல்லது.

கணினி படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் நமது ஊர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஆண்களும் பெண்களும். திரையை ஒழுங்கு செய்வது மேசையில் இருந்து செய்யக்கூடிய வேலை. அப்படியான ஒருவருக்குத் தொழில் கொடுங்கள். எலக்ட்ரீஷியன் பாஸ் ரிலேயைப் பொருத்தட்டும், அவர் திரையை அமைக்கட்டும், நீங்கள் வீட்டாரோடு பேசுங்கள். மூவரும் சேர்ந்தால்தான் இந்த வியாபாரம் நிலைக்கும்.

இந்தப் பொருளை விற்க நினைப்பவர்கள் முதலில் தமது கடையிலேயே ஒரு திரையை வைத்து, கடைப் பையன்கள் அதை எப்படிப் பாவிக்கிறார்கள் என்று ஒரு மாதம் பாருங்கள். அதன் பிறகு விலைப்பட்டியல் எழுதத் தொடங்கலாம்.